அடி குறைந்த பெட்டி

அவரைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவோம். ராக்கெட்டின் அடுக்குகள் வெடித்துப் பிரியும்போது உள்ளே இருக்கும் கருவிகள்மேல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் அதிர்ச்சி விழும். அதைத் தரையிலேயே கொடுத்துப் பார்ப்பது அவர் வேலை. கருவிப் பெட்டியை இரும்புத் தகட்டில் திருகிப் பூட்டுவார். தொங்கும் சம்மட்டியைக் குறித்த கோணம்வரை இழுத்து, தகட்டின்மேல் விடுவார். இருபத்தாறு வருடம் அடித்தே சம்பாதித்த மனிதர், வீட்டில் எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார்.

அந்தப் பெட்டிகளுக்குள் ஈயம் உருக்கிக் கம்பிகளை இணைத்து சால்டரிங் வைப்பது பக்கத்துக் கட்டிடத்தில் அவர் மனைவி. "நான் பெத்துக் குடுக்கறேன், இவரு வாங்கி மொத்துறாரு" என்பார் சாப்பாட்டு அறையில். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார் இவர். பழைய ஜோக்தான். ஆனாலும் சிரிப்போம்.

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அந்த அம்மாவின் மேசையில் ஒரு பெட்டி பாதியில் இருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியில் படுத்தார். "இதுதான் என் கடைசிப் பெட்டி. இது மேல போகுதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார். வேறெதையும் கேட்கவில்லை.

விண்ணுக்குப் போகும் பெட்டிக்கு எங்கள் விதிப்படி ஒரே அடி. அது குறைந்துபோனால் இன்னொன்று. அதற்குமேல் அடித்தால் பெட்டி நைந்திருக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். விதி எழுதியவனுக்கு மனைவி இருந்தாளோ என்னவோ.

அந்த அம்மாவின் பெட்டி தகட்டுக்கு வந்த அன்று, அவர் கோணத்தை ஒரு மயிரிழை குறைத்துவிட்டார். கணினித் திரையில் அதிர்ச்சியைக் காட்டும் கோடு வேண்டிய எல்லைக்குக் கீழேயே நின்றது.

"அண்ணே, குறையுது" என்றாள் இன்ஜினியர் பெண். "இன்னும் ஒண்ணுதான் இருக்கு. நான் இழுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. அவ பெட்டி. நான்தான் அடிப்பேன்."

மறுபடி இழுத்தார். இருபத்தாறு வருடம் பழகிய கை, குறிக்குச் சற்று முன்பே விட்டுவிட்டது. அதுவும் குறைந்ததால் பெட்டி அலமாரிக்குப் போனது. வேறொருவர் செய்த அதன் ஜோடி மேலே போனது.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "தாங்குச்சா?"

பொய் சொல்ல அவருக்கு வராது. "மெதுவா அடிச்சிட்டேன். ரெண்டு தடவையும்."

அந்த அம்மா கேட்டார்: "என் கைய நம்பலையா நீங்க?"

நம்பாமல் இல்லை, மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாவி மனிதர், போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் அந்த அம்மா போய்விட்டார்.

அடுத்த வருடம் புதுச் சம்மட்டி ஒன்று வந்தது. சோதித்துப் பார்க்க, யாருக்கும் வேண்டாத பெட்டி தேவைப்பட்டது. அலமாரியிலிருந்து அதை இறக்கினோம். இம்முறை அவர் தயங்கவில்லை. இரட்டை பலத்தில் மூன்று அடி. பெட்டியைத் திறந்து, இன்ஜினியர் பெண் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணுகூட விடல."

"நல்லா பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நாங்கள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு விறுவிறுவென்று பக்கத்துக் கட்டிடத்துக்கு நடந்தார். சால்டரிங் அறை வாசலுக்குப் போன பிறகுதான் நின்றார்.