ரிப்பன் வெட்டும் வரை

கிறிஸ்டினா அக்காவின் கைப்பையில் ஜூன் மாதத்திலிருந்து ஒரு சாவிக்கொத்து கிடந்தது. செம்பாக்கம் ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் அவள் தலைமையாசிரியை. சாவி, அங்கே புதிதாகக் கட்டி முடித்த வகுப்பறைக் கட்டடத்துடையது. பெயின்ட் அடித்தாயிற்று, ஃபேன் மாட்டியாயிற்று, பெஞ்சுகள் பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கியாயிற்று. வாசலில் கல்வெட்டைப் பதித்துப் பச்சைத் துணியால் மூடியும் விட்டார்கள். ரிப்பன் வெட்ட வேண்டிய பெரிய மனிதருக்கு மட்டும் தேதி ஒழியவில்லை. அதுவரை பூட்டித்தான் வைக்க வேண்டும்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்த பழைய கட்டடத்தில் படித்தார்கள். அதன் கூரையில் சிமென்ட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரித் தெரியும். அக்கா வீடியோ காலில் அதைக் காட்டியதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. நான் அவள் தம்பி, பிழைப்பு தோஹாவில். மழையே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, தினம் எழுந்ததும் தாம்பரத்தில் மழை உண்டா என்று ஃபோனில் பார்ப்பேன்.

அக்டோபரில், சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு எழுந்த சமயம், கூரையிலிருந்து ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. வினிதா என்பவரின் மகளுக்குத் தோளில் சிராய்ப்பு. ஒரு நொடி முன்னால் அவள் தலை இருந்த இடம் அது. வினிதா மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். யூனிஃபார்மோடு அப்படியே வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், புது பில்டிங்க பூட்டி வச்சிகினு, எம் பொண்ண இடியிற பில்டிங்ல குந்த வச்சிக்கிறீங்க? அதுக்குள்ள இன்னா, சாமியா கீது?"

அக்கா குழந்தையின் தோளைப் பார்த்தபடி, "இனிமே உங்க பொண்ணு அந்தக் கூரைக்குக் கீழ உக்கார மாட்டாம்மா. நான் சொல்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அதை எப்படிச் செய்வது என்று அவளுக்கே தெரியாது. மேலே கேட்டால், "விழா தேதி வரட்டும் மேடம், அவசரப்படாதீங்க" என்றார்கள். சிட்டிபாபுவிடம் போனாள். பள்ளிக்கு நிலம் கொடுத்த பழைய ஊர்க் குடும்பம். அந்த வட்டாரத்தில் எந்த விழாவுக்கும் பந்தல் போடுகிறவர் அவர்தான். சாவிக்குக் காவல் அக்கா என்றால், விழாவுக்குக் காவல் அவர்.

"புள்ளைங்கள வுட்டா தொறந்த மாதிரி ஆயிடும் டீச்சரம்மா. அப்புறம் அவரு எதத் தொறப்பாரு, ஜன்னலயா? சாமான் வேணா வச்சிக்கோ."

அந்த வாரம்தான் இரண்டாம் பருவப் புத்தகங்கள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. பழைய கட்டடத்தில் வைத்தால் ஒழுகும். ஆகவே புத்தகக் கட்டுகள் புதுக் கட்டடத்துக்குள் போயின. புத்தகம் நனைந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் அக்கா, புத்தகம் கொடுப்பதற்காகப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அழைத்துப் போனாள். கொடுத்து முடித்தாள். திருப்பி அனுப்பவில்லை.

சிட்டிபாபு வந்து வாசலில் நின்றார். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டு, பிளாஸ்டிக் உறை கிழியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அசைந்தால் சரசரவென்று சத்தம்.

"இன்னா டீச்சரம்மா இது?"

"புத்தகம் குடுத்துட்டிருக்கோம் சார்."

"எந்நேரம் குடுப்பே?"

"நல்லா மெதுவா குடுப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவர கிழிக்காதீங்க. போர்டுல எழுதாதீங்க. நா ஒண்ணும் பாக்கல" என்று போய்விட்டார். அக்கா இதைச் சொல்லிச் சிரித்த அன்று நான் ஃபோனில் மழை பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் தேதி வந்தது. நான் விடுப்பில் வந்திருந்தேன். முதல் நாளே தரையைக் கழுவி, ஜன்னலில் ஒட்டியிருந்த படங்களைப் பிய்த்து, கட்டடத்தை யாருமே நுழையாத புதுசாக ஆக்கினார்கள். விழாவன்று ரிப்பன் வெட்டும்வரை பிள்ளைகள் பழைய கட்டடத்தில் இருக்க வேண்டும். வெட்டியதும் வரிசையாக உள்ளே நடந்து வர வேண்டும். அது சிட்டிபாபுவின் ஏற்பாடு.

காலையிலிருந்தே கொட்டியது. பெரிய மனிதர் வண்டலூர் தாண்டி எங்கோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார் என்று தகவல். பழைய கட்டடத்துச் சுவர் ஈரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா பிள்ளைகளை அதற்குள் விடாமல், சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நிறுத்தினாள். பாதிப் பேருக்குத்தான் இடம். மீதிப் பிள்ளைகள் குடையும் ரெயின்கோட்டுமாக மதில் ஓரம் நின்றார்கள்.

"சார், பந்தல்லயாவது உக்கார வைங்க."

"கார்ப்பெட் போட்டுக்கீது டீச்சரம்மா, சேறாயிடும். இன்னா பேஜார் பண்றே? ஒரு மணி நேரம் உள்ள குந்துனா கூரை வுழுந்துடுமா?"

"விழாதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

"விழும்னு நீ எழுதித் தருவியா?"

அக்காவின் பார்வை கூரைமேலேயே இருந்தது. கைப்பையில் சாவி இருந்தது. புதுக் கட்டடத்தைத் திறந்துவிடு என்று நான் காதோடு சொன்னேன். "இவ்வளவு பேர் நிக்கும்போதா? நாளைக்கே என்னை வேற ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க எபி. அப்புறம் இதுங்களுக்கு யாரு?" என்றாள். நல்ல பதிலா, பயந்த பதிலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பெரிய மனிதர் மத்தியானம் தாண்டி வந்தார். ரிப்பன் வெட்டினார், துணியை விலக்கினார். நனைந்து நடுங்கிய பிள்ளைகள் ஈரக் காலோடு உள்ளே நடந்ததைப் படம் பிடிக்க வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள்.

பழைய கூரை அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. வினிதாவின் மகளுக்குத்தான் காய்ச்சல் கண்டது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனபோது வினிதா அதை வாங்கவில்லை. "கூரைக்குக் கீழ வேணாம்னு சொன்னேன். மழைல நிக்க வைனு சொன்னனா டீச்சர்?"

குழந்தை தேறிவிட்டது. ஆனால் யாரோ புகார் போட்டிருந்தார்கள். கட்டடம் இருந்தும் மாணவர்களை மழையில் நிறுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எந்தக் கட்டடம் என்று அதில் இல்லை.

"நீ ரெண்டு பாஷையும் படிச்சவன். அழகா எழுதிக் குடுடா" என்றாள் அக்கா. தோஹா திரும்பிய பிறகும் எழுதி எழுதி அனுப்பினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, விதிகளைக் காட்டி ஒன்று. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவளே எழுதிக் கொடுத்தாள்:

'பழைய கட்டடத்தின் கூரை அன்று விழவில்லை. விழாது என்று அன்று காலை எனக்குத் தெரியாது.'

இன்னும் பதில் வரவில்லை. பழைய கட்டடத்தை இடிக்கவும் உத்தரவு வரவில்லை. பிள்ளைகள் விளையாட உள்ளே ஓடிவிடுகிறார்கள் என்று அதற்கு அக்கா ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள். இப்போது அவள் கைப்பையில் கிடப்பது அந்தச் சாவி.