மையத்துக் கையில் இருந்த ஊசி

ஹாஜி முத்தலிப் எதிரே வந்தால் லஃப்தா இன்றைக்கும் சலாம் சொல்வதில்லை. பஸ்ராவில் அந்த மனுஷருக்குச் சலாம் சொல்லாத வாய் இந்த ஒன்றுதான் என்று கடைத்தெரு சிரிக்கும். சிரிக்கட்டும்.

சாசிப் மையத்துக் குளிப்பாட்டுகிறவன், செத்தவர் உடம்பைக் கழுவி அடக்கத்துக்குக் கொடுப்பவன். லஃப்தா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவன். ஆஸ்பத்திரியில் இறந்த ஹாஜியின் மூத்த மகனை, காய்ச்சல் என்று சொல்லிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். முழங்கைக் கட்டைப் பிரித்த சாசிப்பின் கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது. குளுக்கோஸ் ஏற்றிய ஊசியைப் பிடுங்காமலே துணியைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

வாசலில் நின்ற ஹாஜியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"சோப்புப் போட்டுக் கழுவுப்பா. நல்லா தேய்ச்சுக் கழுவு."

காய்ச்சலில் செத்தவனின் தகப்பன் இப்படிப் பதறுவானா? அடக்கம் முடிந்ததும் சாசிப் அவரைக் கபுருஸ்தான் சுவரோரம் ஒதுக்கினான்.

"ஹாஜி, மகனுக்கு என்ன சீக்கு? எனக்கு மட்டும் சொல்லுங்க. எய்ட்ஸ் கிருமின்னா மூணு நாளுக்குள்ள மாத்திரை போடணுமாம். வீட்ல பொண்டாட்டி இருக்கா."

"காய்ச்சல்."

"அல்லா மேல ஆணையா?"

"அல்லா மேல ஆணையா காய்ச்சல்தான்டா! புள்ளைய மண்ணுல வச்ச ஈரம் காயல, அசிங்கம் பேச வந்துட்டான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். "யார் உடம்புல இருந்த ஊசி? பேர் இல்லாம அந்த மாத்திரை தர முடியாது."

சாசிப் எழுந்துகொண்டான். மையத்தின் உடம்பில் கண்டதைக் குளிப்பாட்டியவன் வெளியே விடக்கூடாது. அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

"நான் சொல்றேன் டாக்டர்" என்றான் லஃப்தா.

"சொன்னேன்னா இனிமே எங்கூடத் தண்ணி ஊத்த வராதே."

லஃப்தா அடங்கிப்போனான். கெடுவும் கடந்துபோயிற்று.

அப்புறம் தும்மினால் பயம், வியர்த்தால் பயம். மனைவியைத் தொடாமல் மொட்டைமாடியில் படுத்தான். ஏன் என்று அவள் கேட்டாள், அவன் சொல்லவில்லை. ஊர் சொன்னது. சாசிப் எதற்கோ ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டான் என்று தெரிந்ததும், ஹாஜிதான் பள்ளிவாசலில் முதலில் ஆரம்பித்தார்.

"எவகிட்டப் போனானோ, எதை வாங்கிட்டு வந்தானோ. அந்தக் கையால நம்ம மையத்தைத் தொடவிடுறதா?"

மூன்று மாதம் கழித்து, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. சாசிப் அதைப் பள்ளிவாசல் கதவில் ஒட்டினான். மறுநாள் அதன்மேல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தன் தம்பி வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை. குளிப்பாட்ட யாரும் கூப்பிடவில்லை. பேரீச்சந்தோப்பில் குலை சுமந்து வயிற்றைக் கழுவினான்.

போன குளிர்காலத்தில் கிட்னி கெட்டுப் படுத்தான். உடம்பு ஊதி, கண் மட்டும் பழையபடி இருந்தது. குடித்து முடித்த காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த லஃப்தாவைப் பார்த்துக் கேட்டான்.

"என் துக்கக் கூடாரத்துல காப்பி ஊத்துறது நீதானே?"

"வேற எந்த நாதி வரும் உனக்கு?"

"ஹாஜி வருவான். வரலேன்னா ஊர் பேசும்ல, அதுக்காகவாவது வருவான். எல்லாருக்கும் ஒரே கோப்பைதானே சுத்தி வரும்? அவன் முறைக்கு மட்டும் மாத்திரு. நான் வாய் வச்ச இந்தக் கோப்பையக் குடு. கழுவாதே. மடக்குனு முழுங்கட்டும். முழுங்கினப்புறம் குனிஞ்சு அவன் காதுல சொல்லு, இது சாசிப் குடிச்சதுன்னு."