பத்தொன்பதாம் பாடம்

டீச்சரின் வகுப்பில் கரும்பலகையைவிடக் கட்டில்தான் பெரியது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ்களுக்கு அந்த நாட்டு மொழியைச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். இலக்கணப் புத்தகத்தை முதல் நாளே அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி. தண்ணியில இறங்காம நீச்சல் வருமா?" என்பாள். கட்டிலில் தானே நோயாளியாகப் படுத்துக்கொண்டு, புரட்டிப் படுக்கவைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது என்று ஒவ்வொரு வேலையையும் அந்த மொழியில் பேசியே செய்யவைப்பாள். வாசற்படி தாண்டினால் தாய்மொழிக்குத் தடை. மீறினவள் கட்டில் விரிப்பைத் துவைக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, ஆறே மாதத்தில் வாயில்லாப் பூச்சிகள்கூட வாய் திறந்துவிடும்!

மொத்தம் இருபது பாடம். பத்தொன்பதாவது, நோயாளி இறந்துபோனதை வீட்டாரிடம் சொல்வது. முதலில் அவரை உட்காரவை. பூசி மெழுகாமல் 'இறந்துவிட்டார்' என்றே சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். பிறகு பக்கத்திலேயே உட்கார். பத்து வருஷம் நடத்திய பாடம் இது.

போன வருஷம் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெந்நீர் வாங்கப் போனவள் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. "தூங்குறாரும்மா, எழுப்பாதீங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ். பாவம், சின்னப் பெண், சொல்லப் பயம். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்தாள்.

அந்த வருஷம் வகுப்பு பதினெட்டிலிருந்து நேராக இருபதுக்குத் தாவியது. ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. பாடம் குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த வகுப்பில் ஓயாமல் பேசுகிற ஒருத்தி இருந்தாள். ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து இன்று காலை அவளுடைய போன் வந்தது.

"டீச்சர், நேத்து என் வார்டுல ஒரு தாத்தா போயிட்டாரு. அவர் சம்சாரம் வந்து கேட்டாங்க. எனக்கு வாயே வரல டீச்சர். நாலாம் பாடம்தான் வந்துச்சு."

நாலாம் பாடம், தூங்கும் நோயாளி.

"தூங்குறாருன்னு சொல்லிட்டியா?"

"ஆமா டீச்சர். அவர் முழிச்சிடக் கூடாதுன்னு அந்தம்மா ஷூவைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. முக்கா மணி நேரம்."

"அழாதே. தப்பு உன்னோடது இல்லடி. அந்தப் பாடத்தை முழுங்கினவ நான்."

அடக் கொடுமையே! தன் மனசைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், முன்பின் பார்த்திராத ஒருத்தியைத் தான் காத்திருந்த மாதிரியே காக்கவைத்துவிட்டாள். இந்த வருஷத்துப் பெண்களுக்கும் பத்தொன்பதைத் தவிர எல்லாப் பாடமும் நேற்றோடு முடிந்திருந்தது. நாளைக்கு அவர்களுக்கு விமானம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

வகுப்புக்குப் போனதும் பத்தொன்பதாம் பாடத்தின் படிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டாள். "நான் அவர் மனைவி. நீ நர்ஸ்" என்று அந்த மொழியில் சொல்லிவிட்டு, நெட்டையாக இருந்த ஒருத்தியைக் கைகாட்டினாள்.

நெட்டை அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். "உங்கள் கணவர் இறந்துவிட்டார்" என்று அந்த மொழியிலேயே சொன்னாள். "நான்கு மணிக்கு."

மனைவியாக நடிப்பவள் அடுத்துக் கேட்க வேண்டியது, 'வலி இருந்ததா?' என்று. பத்து வருஷமாக அதுதான் கேள்வி. டீச்சர் வாயைத் திறந்தாள்.

"கடைசியா என்னைக் கேட்டாரா?"

தாய்மொழியில் வந்தது. டீச்சரின் கதை எல்லோருக்கும் தெரியும். 'ஆமாம், கேட்டார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அத்தனை பேரும் நெட்டையையே பார்த்தார்கள். அவளுக்கும் கண் நிரம்பிவிட்டது.

"எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அந்த மொழியில். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை அது. அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரியாச் சொன்னே. அடுத்தவ வா" என்றாள்.

வகுப்பில் பதினோரு பெண்கள். சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்காரர் பதினோரு தடவை செத்தார். ஒருத்திகூடத் தூங்குகிறார் என்று சொல்லவில்லை.