கொள்ளிடத்து மணல் சறுக்கு: இந்த மார்கழிக்கு என்ன புதுசு

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நான்தான் எடுக்கிறேன். பனி விழும் தேசங்களைப் பற்றிய பாடம் வந்தாலே எப்போது முடியும் என்றிருக்கும். தென்னூரிலேயே பிறந்து தென்னூரிலேயே வேலைக்கும் வந்தவள் நான். ஐஸ் வண்டியிலிருந்து ரோட்டில் ஒழுகும் தண்ணீரைத் தவிர வேறு பனி எதுவும் எனக்குப் பழக்கமில்லை. அங்கேயெல்லாம் ஜனங்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்குவார்கள் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி முடித்தேன். முதல் பெஞ்சு வசந்தா எழுந்து, "சறுக்கினா எப்படி இருக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். "ஜோரா இருக்கும், உட்காரு" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அவள் உட்காரவில்லை. "கொள்ளிடத்து மணல்ல சறுக்கறாங்களாமே டீச்சர். பையன்கள் ஸ்கூல்லேர்ந்து போன மார்கழிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாம எப்போ போறோம்?" என்றாள். வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. பெண்களை எக்ஸ்கர்ஷன் என்று நாங்கள் கூட்டிப்போனதெல்லாம் மலைக்கோட்டை, சமயபுரம், திருவானைக்காவல். மறுபடியும் மலைக்கோட்டை.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் கோமளம் அம்மாள் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம். ஐம்பத்து நாலு வயது, மடிசார், கறார். நான் போய்க் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சாரதா, ஒரு பொண்ணு கால் சுளுக்கிண்டு வந்தாக்கூட, அப்புறம் ஒருத்தி ஆத்துலேயும் எக்ஸ்கர்ஷனுக்கு அனுப்ப மாட்டா. நீ மொதல்ல போய் சறுக்கிப் பார்த்துட்டு வா. உள்ளது உள்ளபடி எழுதிக் கொண்டா. ஒரு எழுத்து மறைச்சேன்னு தெரிஞ்சாலும் இந்த ஜென்மத்துக்கு எக்ஸ்கர்ஷன் கிடையாது" என்றார்.

அப்படித்தான் இந்த 1961-ம் வருஷக் கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பினேன். நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பலர் இந்த மார்கழிக்குக் குழந்தைகளோடு அங்கே போக நினைத்திருப்பதாகக் கேள்வி. ஆகவே கணக்குச் சுத்தமாக எழுதுகிறேன்.

தென்னூரிலிருந்து மெயின்கார்டு கேட்டுக்கு நடை இருபது நிமிஷம். எட்டேகாலுக்கு ஸ்ரீரங்கம் டவுன் பஸ். டிக்கெட் பதினைந்து நயா பைசா. காவிரிப் பாலத்தில் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுவதைப் பார்த்ததும் எனக்குச் சின்னப் பயம், கொள்ளிடத்திலும் இப்படியே இருந்தால் மணலுக்கு எங்கே போவது என்று. கண்டக்டரைக் கேட்டேன். "அங்க இந்தப் பக்கத்துக் கரையோரம் முழுக்க மணல்தாங்க, கவலைப்படாதீங்க" என்றார். சரியாக எட்டு நாற்பதுக்கு ஸ்ரீரங்கம் கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் இறக்கிவிட்டார்கள்.

அங்கிருந்து வடக்கே கொள்ளிடக் கரைக்கு ஒன்றரை மைல். ஜட்கா எட்டணா, அதாவது ஐம்பது நயா பைசா. பத்தணா கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த ஜட்காக்காரர், "கொள்ளிடத்துல என்னங்க, ஏதாச்சும் காரியமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சறுக்கப் போகிறேன் என்றேன். குதிரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காரியம்னு சொன்னாக்கூட நம்பியிருப்பேன்" என்றார். வழி முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மணல் சறுக்கை நடத்துபவர் ஹவில்தார் மாணிக்கம். வையம்பட்டிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ராணுவத்தில் காஷ்மீரில் இருந்தபோது பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டவர். பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்ததும் கால் சும்மா இருக்கவில்லை. கொள்ளிடத்தின் உயரமான கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் மணல் சரிவு அவர் கண்ணில் பட்டது. போன மார்கழியில்தான் முதல் சீசன். அப்போது தென்னை மட்டைதான் வாகனம், நாற்பது அடிச் சரிவு ஒன்றே ஒன்று. மட்டையில் வழுக்கட்டும் என்று நல்லெண்ணெய் தடவியிருக்கிறார். மணல் அதில் அடையாக ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்தவர்கள் பாதி வழியில் பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டார்களாம்.

இந்த வருஷம் எல்லாமே மாறிவிட்டது. நாலடி நீளத் தேக்குப் பலகைகள் ஆறு செய்திருக்கிறார். அடியில் தகரம் அடித்து, மூக்கை மேலே வளைத்துவிட்டிருக்கிறார். எண்ணெய் போய் மெழுகுவர்த்தி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தகரத்தில் மெழுகைத் தேய்த்துத்தான் கொடுக்கிறார்கள். பழைய சரிவு குழந்தைகளுக்கு. பக்கத்திலேயே எழுபதடியில் புதுச் சரிவு, உயரம் இருபத்திரண்டு அடி. மேலே ஏற மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறது. பெண்கள் புடவை சரிசெய்துகொள்ளக் கீற்று மறைப்பு, அதன் பக்கத்திலேயே சுக்குக் காப்பி. ஹவில்தார் காலில் ஒடுக்கமான இரண்டு பலகைகளைக் கட்டி, கையில் இரண்டு மூங்கிலோடு நின்றபடியே ஒருமுறை சறுக்கிக் காட்டினார். என் பாடப் புத்தகத்துப் படம் அப்படியே உயிரோடு இறங்கி வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதுசு கோவிந்தன். போன வருஷம் ஒரு பையன் மட்டையோடு போய்ச் சரிவுக்குக் கீழே இருக்கிற குட்டையில் விழுந்துவிட்டான். முழங்கால் தண்ணீர்தான், இருந்தாலும் பேச்சாகிவிட்டது. அதனால் பலகையை நிறுத்த ஆள் தேடிய ஹவில்தார், ஸ்ரீரங்கத்துத் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரையே பிடித்துவிட்டார். அத்தனை பெரிய தேரையே ஒரு கட்டையால் நிறுத்துகிறவருக்கு நாலடிப் பலகை எம்மாத்திரம்? கோவிந்தன் தன் சொந்த முட்டுக்கட்டையோடு சரிவின் அடியில் நின்றிருந்தார்.

"குட்டைப் பக்கம் போனா மட்டும் போடுவாருங்க. மத்தபடி சும்மாதான் நிப்பாரு. தைரியமா வாங்க டீச்சர்" என்றார் ஹவில்தார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புதுச் சரிவின் உச்சியில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து பார்த்தால் இருபத்திரண்டு அடி என்பது புளுகு என்று தோன்றும். ஹவில்தார் முதுகில் லேசாகத் தள்ளினார். பலகை கிளம்பிய வேகத்தில் என் வாயில் 'ஐயோ' வந்திருக்கலாம், 'அம்மா' வந்திருக்கலாம். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது வாய்க்கும் தெரியும்போல. "ரங்கா, ரங்கா" என்று ஆறு முழுக்கக் கேட்கும்படி அலறிவிட்டேன்.

குட்டை எங்கேயோ இருந்தது, நான் நேராகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஆனால் கோவிந்தன் குனிந்தார். கண்மூடித் திறப்பதற்குள் முட்டுக்கட்டை என் பலகைக்கு முன்னால் கிடந்தது. பலகை நின்றது. நான் நிற்கவில்லை.

முகம் குப்புற மணலில் கிடந்து எழுந்தபோது இரண்டு கண்ணாடி வளையல் போயிருந்தது, இடது முழங்கையில் சிராய்ப்பு, வாய் நிறைய மணல். ஹவில்தார் மேலேயிருந்து ஓடி வந்து கோவிந்தனைப் பிடித்து விளாசினார். கோவிந்தன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். தேர் வேகமெடுத்தா ஜனம் ரங்கா ரங்கான்னு கத்தும். அந்தச் சத்தம் வந்தா கட்டை கீழ இருக்கணும். நான் போடலீங்க, கை போட்டுடுச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. சிரித்தால் மணல் உள்ளே போகிறது. சுக்குக் காப்பியில் வாய் கொப்பளித்துவிட்டு, முட்டுக்கட்டையைத் தூர வைக்கச் சொல்லி, மறுபடி மேலே ஏறினேன். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் கீழே வந்து சேர்ந்த பிறகும் வயிறு மட்டும் மேலேயே இருந்தது. காதில் காற்று, காலடியில் தகரம் மணலை அரைக்கும் சத்தம், எதிரே வெள்ளை வெளேரென்று ஆறு. முப்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் காத்திருந்தது என்று யாரும் சொல்லவில்லையே. வசந்தாவிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் நாலு தடவை சறுக்கினேன்.

கிளம்பும்போது ஹவில்தார் தயங்கித் தயங்கி, "டீச்சர், அந்தக் கட்டை விஷயத்தையும் எழுதணுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த யாரும் பார்க்கவில்லை. வளையல் உடைந்ததற்குப் பஸ் கூட்டத்தைக் காரணம் சொல்லலாம். எழுதினால் முப்பத்திரண்டு பெண்களுக்கும் மறுபடி மலைக்கோட்டைதான். எழுதாமல் விட்டு, அங்கே ஒரு பெண் ரங்கா என்று கத்தினால்? நம் ஊர்ப் பெண் கத்தாமல் இருப்பாளா?

கோவிந்தன்தான் அதற்கு வழி சொன்னார். "தேரை நிறுத்தறதுக்கு மட்டுமா கட்டை போடறோம், திருப்பறதுக்கும்தாங்க. சாய்ச்சுப் போட்டா சக்கரம் திரும்பும். இங்க மணலையே சாய்ச்சு அணை கட்டிட்டா பலகை தானா வளைஞ்சு கரையோரமாப் போய் நின்னுடும். கட்டையே வேணாம்" என்றார். ஒரு வாரத்தில் கட்டிவிடுவதாக இரண்டு பேரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், வாயில் போன மணல் உட்பட. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை படித்தார். "வர்ற சனிக்கிழமை நானே வரேன்" என்றார். செய்தி வகுப்புக்கு எப்படிப் போயிற்றோ, அந்த வாரம் முழுக்க எட்டாம் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. வீட்டுப் பாடம் எல்லோரும் செய்துகொண்டு வந்தார்கள். பாவமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே பஸ், அதே ஜட்காக்காரர். மடிசார் மாமியோடு என்னைப் பார்த்ததும், இந்தத் தடவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். கரையில் அணை தயாராக இருந்தது. அரை ஆள் உயரத்தில் மணலைத் தண்ணீர் தெளித்து இறுக்கி, அரிவாள் மாதிரி வளைத்திருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் குட்டையின் ஆழத்தைக் குச்சி விட்டுப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். சுக்குக் காப்பியை மோந்து பார்த்தார். பிறகு புதுச் சரிவின் உச்சிக்கு ஏறி, "பலகையைக் கொண்டாங்கோ" என்றார். உட்கார்ந்து பார்க்கத்தான் என்று நினைத்தேன்.

"கீழ வரச்சே வாயைத் திறந்துடாதீங்கோ அம்மா" என்று அவர் பாஷையிலேயே கெஞ்சினேன்.

"நேக்குத் தெரியும். தள்ளச் சொல்லு" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும், சறுக்குவதற்கென்றே நெய்தது மடிசார்தான். உதடு இரண்டும் தைத்துவைத்தது போலிருக்கப் பாதிச் சரிவுவரை அம்மாள் வந்துவிட்டார். அங்கேதான் வேகம் பிடிக்கும். "ரங்கா" என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், அக்கரைக்கே கேட்டிருக்கும். எட்டாம் வகுப்பு மொத்தமும் மலைக்கோட்டைப் படியில் மூச்சிரைக்க ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கோவிந்தனைப் பார்த்தேன். அவருடைய வலது கை விருட்டென்று கட்டைக்குப் போயிற்று. ஆனால் மனிதர் கெட்டிக்காரர், அன்று காலையிலேயே கட்டையை மணலில் புதைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். தேடிப்போன கை வெறும் மணலைத் தொட்டது. அடுத்த நொடி எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார்.

பலகை அணையைத் தொட்டது, வளைந்தது, கரையோரமாக ஒரு இருபதடி போய் அலுங்காமல் நின்றது. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எக்ஸ்கர்ஷன் அனுமதிக் காகிதம் கொண்டு வந்திருக்கியோ?" என்றார். பலகை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்பதுக்கு முன்னால் போகாதீர்கள், விடியல் பனியில் மணல் நனைந்திருக்கும், பலகை நகராது. பன்னிரண்டுக்கு மேல் கால் சுடும். மறுபடி மூன்றரையிலிருந்து ஐந்து வரை நன்றாக இருக்கும். ஒரு தடவை சறுக்கப் பத்து நயா பைசா, இருபது பேருக்கு மேல் போனால் பாதி. சுக்குக் காப்பி தனி. கண்ணாடி வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நைலான் புடவை வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, ஆகவே அதற்கு முன்னாலேயே போய் வந்துவிடுவது நல்லது. நாங்கள் மார்கழி முதல் சனிக்கிழமை போகிறோம். கோவிந்தன் இனிமேல் கட்டையைக் கொண்டு வரப்போவதில்லை. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டே சறுக்குங்கள், பழகிய கை எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

இந்த விதியை ஹெட்மிஸ்ட்ரஸே அனுமதிக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்: 'யாரும் கத்தப்படாது.' திரும்பி வரும்போது ஜட்காவில் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க மட்டும் கத்தினீங்களே அம்மா" என்று கேட்டேவிட்டேன்.

மடிசாரிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, "நான் எங்கேடி கத்தினேன்? சேவிச்சேன்" என்றார்.