காலை வகுப்புக்கு வராத சங்கவி

ஜெபம் செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற என் உறவுகளே, எனக்குக் கோயில் மைக்கில் பேசிப் பழக்கமில்லை. கரும்பலகை முன்னால் நின்று கத்தித்தான் பழக்கம். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் காலையிலேயே தனியார் பள்ளி வேன்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். எங்களிடம் வருவது மீனவர் பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர்கள் பிள்ளைகள், அப்பா வளைகுடா நாட்டில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த சில ஏழைப் பிள்ளைகள். வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிற பிள்ளை எங்கள் வகுப்பில் அபூர்வம்.

போன வருடம் எங்கள் தேர்ச்சி விகிதம் சரிந்துவிட்டது. கல்வி அதிகாரிகள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எங்கள் தலைமையாசிரியரை நிற்க வைத்துக் கேட்டார்கள். திரும்பி வந்தவர் காலாண்டு விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு சங்கவி தேறாது டீச்சர். அவுங்க அம்மாவ வரச்சொல்லி டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க. பிரைவேட்டா எழுதிக்கட்டும்" என்றார்.

பலவீனமான பிள்ளையைப் பொதுத்தேர்வுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் பள்ளிக்கூடத்தின் விகிதம் காப்பாற்றப்படும். யாரும் எழுதிவைக்காத வழக்கம் இது. டி.சி. வாங்கிப்போன பிள்ளை தனியாகப் படித்துத் தேர்வு எழுதியதை நான் பார்த்ததே இல்லை. சங்கவியின் அக்காவும் அப்படிப் போனவள்தான். இப்போது இறால் உரிக்கிற கம்பெனியில் நிற்கிறாள்.

"அரையாண்டு வரைக்கும் டயம் கொடுங்க சார்" என்று கேட்டேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, குரலும் உயர்ந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. "சரி, அரையாண்டுல கணக்குல பாஸ் ஆவணும். இல்லன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றார்.

வாய்தான் கேட்டுவிட்டதே தவிர, எப்படித் தேற்றுவது என்று எனக்கே தெரியவில்லை. காலையில் நடக்கும் சிறப்பு வகுப்புக்கு அவள் ஒருநாளும் வருவதில்லை. எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேர் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள். சாயங்காலம் ரயிலைப் பிடிக்க ஓடவேண்டும். அதனால் சிறப்பு வகுப்பு என்றால் காலையில்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டால் சங்கவி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். வகுப்பு நேரத்தில் அவளை எழுப்பி, திட்டி, கெஞ்சி எல்லாம் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

புதன்கிழமை கோயிலில் நடக்கும் சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போய் முழங்கால் போட்டேன். "தாயே, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் மூளையைக் கொடும். என்னால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டேன்" என்று மன்றாடினேன். மன்றாட்டு என்று சொல்கிறேன், உண்மையில் சண்டைதான் போட்டேன். மூன்று புதன்கிழமை இப்படியே போனது.

அடுத்த புதன், மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் ஒரு பெண் கண்ணை மூடி நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். எங்கள் மாதாவிடம் இந்து மீனவப் பெண்கள் வருவது புதிதில்லை. ஆனால் அவள் சொன்ன பெயர் என் காதில் விழுந்தது. "மூத்தவள அனுப்புன மாதிரி எம் பொண்ணு சங்கவியயும் பள்ளிக்கூடத்துலேருந்து அனுப்பிடாம பாத்துக்க தாயே."

அவள் சங்கவியின் அம்மா அஞ்சலை. நான் யாரென்று சொன்னதும் பயந்துபோனாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, ஏன் காலை வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று கேட்டேன்.

"நான் விடியறதுக்கு முன்னாடியே துறைமுகம் போயிடுவேன் டீச்சர். மீன் எடுத்து, தெருத்தெருவா வித்துட்டு வர மத்தியானம் ஆயிடும். அவுங்கப்பா மங்களூர் போட்டுல வேல பாக்குறாரு. சின்னதுங்க ரெண்டையும் அவதான் குளிப்பாட்டி, சோறு குடுத்து, பால்வாடில வுட்டுட்டு வரணும். இவ ஒருத்தி இல்ல, எங்க ஊர்ல எல்லா பொண்ணுங்களும் இப்படித்தான்."

"இத ஏன் அவ எங்கிட்ட சொல்லல?"

"ஒருதபா சொன்னாளாம். வீட்டு வேலய சாக்கு சொல்றியான்னு ஒரு சாரு திட்டிட்டாராம். அப்புறம் வாயத் தொறக்கல."

பீடத்தைப் பார்த்தேன். மூளை அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்தது. காலை நேரம்தான் இல்லை. நான் கேட்காத பதிலை மாதா என் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா வீட்டில் இருப்பாள் என்பதால், அவர்கள் ஊரிலேயே சாயங்கால வகுப்பு எடுக்கிறேன் என்றேன். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அஞ்சலை என்னை அவர்கள் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் கூட்டிப்போனாள். மீனவக் குப்பத்தில் நாட்டார் சொல்தான் சட்டம். அவர் முழுசாகக் கேட்டார்.

"வலை பின்னுற கூடம் சாயங்காலம் சும்மாதான் கெடக்கு. அங்க நடத்துங்க டீச்சர். வெளக்கு வச்சதுக்கப்புறம் ஊர்ல மைக்செட்டு கூடாது, படிக்கிற புள்ளைங்கள ஒரு வேலைக்கும் கூப்புடக் கூடாது. மீறுனா தண்டம்" என்றார்.

அடுத்த வாரமே அவர் மச்சான், புதுப் படகு வாங்கிய சந்தோஷத்தில் பாட்டுப் போட்டார். "மாமா, ஒரே ஒரு பாட்டுதான்" என்று கெஞ்சியும் நடக்கவில்லை. தண்டம் கட்டினார். அதோடு ஊர் அடங்கிவிட்டது.

என் வீடு முதுநகரிலேயே இருப்பதால் தினமும் போக முடிந்தது. சங்கவியோடு அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். வலை மூட்டைகளில் சாய்ந்துகொண்டு இயற்கணிதம் போட்டார்கள். சிதம்பரத்து அறிவியல் சாரும் வாரத்தில் இரண்டு நாள் ரயிலைத் தவறவிட்டு, பிந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தார். நான் அவரைக் கேட்கவே இல்லை.

அரையாண்டில் சங்கவி கணக்கில் தேறினாள். மயிரிழையில்தான். தலைமையாசிரியர் விடைத்தாளைத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். டி.சி. பேச்சு அங்கேயே முடிந்தது.

பொதுத்தேர்வு முடிவு வந்த காலையில் அஞ்சலை துறைமுகத்திலிருந்து போன் செய்தாள். பின்னால் ஏலம் கூவும் சத்தம். "டீச்சர், பாஸுன்னு மெசேஜு வந்துருக்காம். நெசமா?" என்றாள். நிஜம்தான் என்றேன். போனை வைக்காமல் அங்கிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "எம் பொண்ணு பாஸுடி! எங்க வூட்டுலயே இவதான் மொத ஆளு!" ஏலச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது எனக்குக் கேட்டது.

இது அற்புதமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நொண்டி நடக்கவில்லை, குருடன் பார்வை பெறவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இது போதும். இப்போது வகுப்புக்கு வராத பிள்ளையைக் கண்டால் நான் திட்டுவதில்லை. காலையில் உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தீராத கவலை இருக்கும். நம்பிக்கையோடு மாதாவின் வழியாக ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். கேட்டது அப்படியே வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். சங்கவி இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாள், அவளாகவே கேட்டு. இதை நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை.