பொண்ணு பாக்க வந்தவரு ஒயரப் பாத்த கதை

கிளிஞ்சல் சுண்ணாம்புல தண்ணி ஊத்துனா ஒரு சத்தம் வரும்... கொதகொதன்னு. கூடவே சூடா ஒரு வாசனை, மூக்கு காந்தும். மே மாசம்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அதுதான்.

எழுபதுகள்ல நான் கல்யாணமாகி கோவளம் வந்த ரெண்டாவது கோடை. என் நாத்தனார் அமுதாவ பொண்ணு பாக்க, வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுலேர்ந்து வர்றாங்க. வூட்டுக்கு வெள்ளை அடிக்கணும். ஆள் வெக்கற பழக்கமெல்லாம் ஏது... நானும் அவளுமே பொடவைய இழுத்துச் சொருவிகினு எறங்கிட்டோம்.

வூட்டுக்கு கரண்ட் வந்து ஒரு வருஷந்தான் இருக்கும். கூடத்துல ஒரே ஒரு பல்பு. சமையக்கட்டுக்கும் வேணும்னு எங்க வூட்டுக்காரரு தானே ஒயர் இழுத்து, நடுவுல ஒட்டு போட்டு, பழைய வேட்டியக் கிழிச்சி சுத்தி வெச்சிருந்தாரு. டேப் வாங்க சோம்பல்.

"இன்னா ஆவப் போவுது?"ன்னாரு. பல்பு எரிஞ்சிது. எங்களுக்கும் பெருமதான்.

புதன்கிழம காலைல சமையக்கட்டு சுவரு. தரையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணி, ரெண்டு பேரும் வெறுங்காலு. மெயின் ஸ்விட்ச எறக்கணும்னு யாருக்குத் தோணுச்சி? ஒயருக்குப் பின்னாடி வெள்ளை படலன்னு அமுதா இடது கையால அத அந்த ஒட்டோட சேத்துத் தூக்கிப் புடிச்சா...

சத்தமே வரல. வாய் தொறந்தபடி கீது, கண்ணு என்னையே பாக்குது, கை மட்டும் ஒயர வுடல.

இழுக்கத்தான் என் கையும் நீண்டுச்சி. ஆனா சின்ன வயசுல எங்க ஊரு பம்பு செட்டுல ஒருத்தரு கரண்ட்ல மாட்டிக்க, காப்பாத்தப் போனவரும் சேந்து ஒட்டிக்கினத பாத்தவ நான். அது எப்டியோ அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சி. கதவாண்ட துணி காயப்போடற மூங்கில் கழி, நல்லா காஞ்சது. எடுத்து அவ முழங்கையில ஓங்கி ஒரு அடி!

ஒயர் கைய வுட்டுச்சி. அவ அப்டியே சுவத்துல சாஞ்சி ஒக்காந்துட்டா. நான் ஓடிப்போயி மெயின எறக்கிட்டு வந்தா, மூச்சு வாங்கிகினே கேக்கறா...

"அண்ணி... இன்னாத்துக்கு இம்மாம் வேகமா அடிச்ச?"

கட்டிப் புடிச்சிகினு அழுதோம். அழுதுகினே சிரிச்சோம்.

உள்ளங்கை வெந்து போச்சி. டாக்டரு கட்டு போட்டு அனுப்புனாரு. அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு சோறே துன்னல.

"எண்ணெ தெறிச்சிதுன்னு சொல்லிடும்மா... இல்லாங்காட்டி ராசியில்லாத பொண்ணும்பாங்க"ன்னு மட்டும் தங்கச்சியாண்ட கெஞ்சுனாரு.

வெள்ளிக்கிழம வந்தாங்க. மாப்ளயோட அம்மா கேட்டாங்க, "கையில இன்னாம்மா கட்டு?"

அமுதா நிமுந்து பாத்தா. "கரண்ட் அடிச்சிதுங்க. எங்கண்ணன் போட்ட ஒட்டு."

போச்சு, இந்த எடம் போச்சுன்னு நெனச்சேன் நான்.

மாப்ளைக்கு செங்கல்பட்டுல மோட்டார் காயில் கட்டற கடையில வேல. டம்ளர கீழ வெச்சாரு. எழுந்தாரு.

"ஒயர் எங்க கீது? மெயின எறக்கிட்டு வாங்க மச்சான்."

மச்சான்! இன்னும் பூ வெக்கல, தட்டு மாத்தல... எங்க வூட்டுக்காரரு ஓடிப்போயி மெயின எறக்குனாரு. அமுதா மட்டும் தலயக் குனிஞ்சிகினு சிரிக்கறா.

மாப்ள சட்டக் கைய மடிச்சிகினு ஒட்டுல சுத்துன துணியப் பிரிச்சாரு. உள்ள செம்பெல்லாம் உப்புக் காத்துல பச்சை பூத்துக் கெடக்கு. அந்த ஒயரையே தனியா கழட்டி எடுத்துட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழம புது ஒயரோட வந்து, நடுவுல ஒட்டே இல்லாம இழுத்துக் குடுத்துட்டுப் போனாரு. ஆவணில கல்யாணம்.

போன மாசம் என் வூட்டுக்கு பெயிண்ட் அடிச்சாங்க. மெஷின்ல அடிச்சி அரை நாள்ல முடிஞ்சிது. ஷாக்குன்னா தானா அணையற ஸ்விட்ச் வேற கீது... அன்னிக்கு இது இருந்திருந்தான்னு நெனச்சிக்கினேன். சந்தோஷந்தான்.

அமுதா பாக்க வந்தா. சுவத்தத் தடவிப் பாத்துட்டு சொன்னா, "பளபளன்னு கீது அண்ணி. ஆனா இத யாரு அடிச்சான்னு தெரியலையே..."

அப்பல்லாம் பாத்தவொடனே தெரியும்... கோடு கோணக்கோணையா போயிருந்தா நானு, சொட்டு வுட்டிருந்தா அவ.