என் மனைவிக்குக் கணினி கண்டுபிடித்த நோய்

இலங்கையில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். நித்திரை வராமல் தவித்த என் மனைவியைக் கண்டியில் ஒரு மனநலக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே வைத்தியர் பார்க்குமுன் கணினிதான் நோயாளியைப் பரிசோதிக்கும். பல நாடுகளில் வெற்றி பெற்ற திட்டமாம்.

உதவியாளர் திரையைப் பார்த்து வாசித்தார். "உங்களை யாராவது கண்காணிக்கிறார்களா?"

"ஓம். போன கிழமையும் பொலிஸ் வந்து, வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பதிஞ்சுகொண்டு போனது."

"ஓமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கம்மா."

"ஓம்."

"வெளிய போகப் பயமா?"

"ஓம்."

தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி; தமிழர் எல்லாருக்கும் இருந்த பயம்தான் அது. திரை சிவந்தது. கடுமையான சந்தேக நோய், உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்றது. உதவியாளர் வார்டில் சேர்க்கும் துண்டுச்சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "தம்பி, வைத்தியர் பாக்காமல் ஒருத்தரையும் வார்டில ஏற்க ஏலாது. இந்தப் பெட்டி அந்த விதியை இன்னும் படிக்கேல்லையோ?" என்றேன்.

வேண்டாவெறுப்பாக வைத்தியரைக் கூப்பிட்டார்கள். சிங்களவர். தட்டுத்தடுமாறித் தமிழில், "ஏன் அம்மா நித்திரை இல்ல?" என்று கேட்டார்.

"மகன் வவுனியாவில, சண்டை நடக்கிற எல்லைப் பக்கம், டொக்டர். ரெண்டு கிழமையா போன் கோல் இல்லை."

வைத்தியர் கதிரையை இழுத்து அவள் அருகில் அமர்ந்தார். துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டார்.

இப்போதும் எங்காவது இப்படியொரு திரையைக் காட்டினால் நான் முதலில் ஒன்று கேட்கிறேன்: "இந்தக் கேள்விகளை எழுதினவர் எந்தச் சோதனைச்சாவடியில வரிசையில நிண்டவர்?" உடனே வைத்தியரைக் கூப்பிட்டு விடுகிறார்கள்.